பாதை அடைப்பு

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் பாதிக்கு மேல் ஏறிய இடத்தில் இருக்கிறது ஊத்துப்பாறை. இஞ்சின் சூடு தணிய பஸ்கள் நிற்கும் இடம். எழுபதுகளில் அங்கே சில டீக்கடைகள், ஒரு லாட்ஜ், பஞ்சாயத்து ஆபீஸ், அதை ஒட்டி ஓடு போட்ட ஒரு சின்ன ரேடியோ ரூம். ரூமுக்கு வெளியே கம்பத்தில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தார்கள். ஒன்று கொடைக்கானல் பக்கம் பார்த்திருக்கும், மற்றது பழனிப் பக்கம்.

மற்ற ஊர்களில் பஞ்சாயத்து ரேடியோ சாயங்காலமானால் செய்தியும் பாட்டும் வைக்கும். ஊத்துப்பாறை ரேடியோவுக்கு இன்னொரு சோலியும் இருந்தது. மழைக்காலத்தில் கீழே எங்காவது மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ, பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் அதைச் சொல்ல வேண்டும். இறங்குகிற வண்டிகள் அதைக் கேட்டு நின்றுகொள்ளும். பாதை சரியாகும்வரை ஆட்கள் ஊத்துப்பாறையில் காத்துக் கிடப்பார்கள்.

கித்தேரியம்மாள் அந்த ஸ்டாப்பில் பழம் விற்றவள். பேரிக்காய், பிளம்ஸ், சீசன் இல்லாத மாதங்களில் மலைப்பூண்டு. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் எட்டாவதுவரை படித்தவள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் படிப்பது அவள்தான். கணீரென்ற குரல். சிற்றாலயத்தின் கடைசி வரிசையில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும் என்று அவள் புருஷன் அருளப்பன் கேலி செய்வான். அருளப்பன் வாடகை ஜீப் ஓட்டினான். ரயிலில் பழனி வந்து இறங்குகிறவர்களைக் கொடைக்கானலில் கொண்டுபோய் விடுவது அவன் தொழில். குழந்தை இல்லை. அந்தக் குறையை இருவரும் பெரிதாகப் பேசிக்கொண்டதும் இல்லை.

லாட்ஜுக்குச் சொந்தக்காரர் நல்லசாமி. பஞ்சாயத்து பிரசிடெண்டும் அவரே. ரேடியோ ரூமில் வேலை பார்த்த பொன்னுச்சாமி அவர் வாயைப் பார்த்து நடக்கிற ஆள். லாட்ஜில் ஆள் இல்லாத நாட்களில், மழை தூறினால் போதும், நல்லசாமி ரேடியோ ரூமை எட்டிப் பார்த்து, "ஏலே பொன்னுச்சாமி, கீழ பாதை அடைப்புன்னு ஒரு வார்த்தை போட்டு விடு" என்பார். பொன்னுச்சாமி போடுவான். மலையிலிருந்து இறங்குகிற குடும்பங்கள் பயந்துபோய் லாட்ஜில் ரூம் எடுக்கும். டீக்கடைகளில் கூட்டம் நெரியும். கித்தேரியம்மாளின் கூடையும் காலியாகும். மறுநாள் காலையில் "பாதை சரியாகிவிட்டது" என்று குழாய் சொல்லும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஊரில் யாரும் வாய் திறந்ததில்லை. வண்டிக்காரர்கள் மட்டும் நாளாவட்டத்தில் சுதாரித்துக்கொண்டார்கள். குழாய் என்ன சொன்னாலும் சிரித்துவிட்டு கியரைப் போட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

எழுபத்து நாலாம் வருஷம் கார்த்திகை மாதம். இரண்டு நாளாகப் பெய்த மழை காலையில் கொஞ்சம் விட்டிருந்தது. கொடைக்கானல் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் குடும்பம் பழனியில் வந்து இறங்குவதாக இருந்தது. அவர்களை ஏற்றி வர அருளப்பன் கிளம்பினான். ஜீப்பைத் திருப்பும்போது குழாயில் பொன்னுச்சாமியின் குரல் கேட்டது. கீழே பாதை அடைப்பு, வண்டிகள் இறங்க வேண்டாம்.

"லாட்ஜுல ஈ ஓட்டுறாங்க போல" என்றான் அருளப்பன்.

கித்தேரியம்மாள் சிரித்தாள். "மத்தியானத்துக்கு வந்துருவீங்கள்ல?" என்று கேட்டாள்.

"வெரசா வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்குக் குழாய் சொன்னது நிஜம். ரோடு போடுகிற கூலியாள் ஒருவன் கீழேயிருந்து மூச்சு வாங்க ஓடி வந்து சொன்ன செய்தி அது. மண் சரிந்து கிடந்த வளைவில் அருளப்பன் ஜீப்பை நிறுத்தத்தான் செய்தான். நின்ற இடத்திலேயே மேலேயிருந்து இன்னொரு சரிவு வந்து ஜீப்போடு அவனைப் பள்ளத்துக்குக் கொண்டுபோய்விட்டது. மறுநாள் பொழுது சாயும் நேரத்தில்தான் அவனை மேலே தூக்கி வந்தார்கள்.

நல்லசாமி மாலையோடு வந்தார். பிணத்தின் தலைமாட்டில் நின்று, கூடியிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நாங்க தொண்ட கிழியச் சொன்னோம். பாதை அடைப்பு, போகாதீங்கன்னு சொன்னோம். கேக்காமப் போயிட்டான். நாங்க என்ன செய்யட்டும்?"

கித்தேரியம்மாள் அதுவரை அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பேச்சைக் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது. எழுந்து அவர் முன்னால் வந்தாள்.

"அதுக்கு முன்னாடி எத்தன நாளு பொய் சொன்னீங்க? அதையும் சேத்துச் சொல்லுங்க."

"புருஷன் போன துக்கத்துல பேசுது" என்று நல்லசாமி மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்.  பெண்கள் இரண்டு பேர் கித்தேரியம்மாளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி, எச்சரிக்கையை மதிக்காமல் போன டிரைவர் என்று முடித்துவிட்டுப் போனார். அந்த வார்த்தை மலைப்பாதை முழுக்கப் பரவியது. டிரைவர்கள் கிளீனர் பையன்களை மிரட்டும்போதுகூட, "சொன்ன பேச்சு கேக்காம அருளப்பன் போன மாதிரி போயிராத" என்பார்கள். தன் ஆயுளில் ஒரு சைக்கிள்காரனைக்கூட இடிக்காதவன், செத்த பிறகு திமிர் பிடித்தவனாகிவிட்டான். சாவைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டாள் கித்தேரியம்மாள். இதைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் கடையில் அப்படிப் பேசிய ஒருவன் முகத்தில் சூடான டீயை ஊற்றிவிட்டாள்.

பங்குச் சாமியார் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். மன்னித்துவிடு, மனசு லேசாகும் என்றார்.

"அவரு செஞ்சேன்னு சொல்லட்டும் சாமி. செய்யவே இல்லங்கிறவர என்னத்தன்னு மன்னிக்கிறது?"



அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். பொய் சொன்னோம் என்று நல்லசாமி தன் வாயால் சொல்ல வேண்டும். நாலு பேர் நடுவில் சொல்ல வேண்டும். அவர் சாக வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. சொல்லாமல் செத்துவிடக் கூடாது என்றுதான் பயந்தாள்.

அடுத்த மழைக்கே அவள் ஆரம்பித்துவிட்டாள். குழாய் பாதை அடைப்பு என்றதும் பழக் கூடையை மூடி வைத்துவிட்டுக் கீழே நடப்பாள். வளைவு வளைவாக இறங்கிப் பார்ப்பாள். எதிரே வண்டி வந்தால் கேட்பாள். பாதை சரியாக இருந்தால், லாட்ஜுக்கு மேல்புறத்து வளைவில் போய், ரோட்டின் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்று வண்டிகளை மறிப்பாள். "பாதை தெறந்துதான் கெடக்கு. ரேடியோவ நம்பாதீங்க. அது லாட்ஜுக்கு ஆள் பிடிக்கிற ரேடியோ. நிக்காமப் போங்க" என்பாள். நிஜமாகவே அடைத்திருந்த நாட்களிலும் அதேபோல மறித்து, "இன்னைக்கு நெசம். எங்கண்ணால பாத்துட்டு வந்தேன். இறங்காதீங்க" என்பாள். வண்டிக்காரர்கள் குழாயைக் கேட்பதை நிறுத்திவிட்டு வளைவில் கித்தேரியம்மாள் நிற்கிறாளா என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

லாட்ஜில் கூட்டம் குறைந்தது. நல்லசாமியின் ஆட்கள் அவளுடைய கூடைகளை மிதித்து நசுக்கினார்கள். ஸ்டாப்பில் அவள் உட்காரும் இடத்தில் பஞ்சாயத்துக் குப்பைத்தொட்டி வந்து நின்றது. டீக்கடைக்காரர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் பிழைப்பிலும் அல்லவா மண் விழுந்தது.

அவளுக்கு உட்கார இடம் கொடுத்தவர் பிச்சை முகம்மது. மேலே பூண்டி கிராமத்திலிருந்து மலைப்பூண்டும் காரட்டும் வாங்கிப் பழனிக்கு அனுப்புகிற வியாபாரி. மூட்டைகளைப் போட்டு வைக்க ஊத்துப்பாறையில் அவருக்கு ஒரு கிட்டங்கி இருந்தது. அதன் வாசலில் கூடையை வைத்துக்கொள்ளச் சொன்னார். இரக்கம் மட்டும் காரணமில்லை. பொய் அறிவிப்பை நம்பி அவர் லாரி ஒருமுறை நின்றுபோய், சந்தையைத் தவறவிட்டு, மூட்டை மூட்டையாகக் காரட் அழுகியிருந்தது. அந்தக் கோபம் அவருக்குள்ளும் இருந்தது.

"வளைவுல நின்னு எத்தன வருசத்துக்குக் கத்துவ, கித்தேரிம்மா?" என்று ஒருநாள் கேட்டார். "கொரலு போனா முடிஞ்சுச்சு. ரேடியோவ யாரு பேசணும், என்ன பேசணும்னு மேல இருந்து ஒரு கட்டுப்பாடு வரணும். அதக் கேளு."

"யாருட்டப் போயி கேக்குறது பாய்?"

"நான் கூட்டிட்டுப் போறேன்."

யூனியன் ஆபீசுக்கும் அதற்கு மேலான ஆபீசுகளுக்கும் இருவரும் அலைந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எழுபத்தேழில் பிரசிடெண்டு பதவிகள் எல்லாம் காலாவதியாகி, பஞ்சாயத்துகளைத் தனி அதிகாரிகள் பார்க்க ஆரம்பித்தபோதுதான் வழி பிறந்தது. ஊத்துப்பாறைக்குப் பொறுப்பாக வந்த தனி அதிகாரி கறாரான மனிதர். ரேடியோ ரூமைப் பற்றி விசாரிக்கிறேன் என்று நாள் குறித்தார்.

நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பொன்னுச்சாமி. விசாரணைக்கு முந்தைய நாட்களில் கித்தேரியம்மாள் வெள்ளனே எழுந்து போய் ரேடியோ ரூமுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள். பேசமாட்டாள். வைத்த கண் வாங்காமல் அவனையே பார்ப்பாள்.

"என்ன வேணும் கித்தேரி?" என்று அவன் கேட்பான்.

"ஒண்ணுமில்லண்ணே. ஒங்களப் பாத்துட்டுப் போலாம்னு."

பொன்னுச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. விசாரணை அன்று அதிகாரி முன்னால் கைகட்டி நின்று, "சொல்லச் சொன்னதச் சொன்னேங்கய்யா. சில நாளு பாதையப் பாக்காமலே சொன்னதுண்டு" என்றான். அதற்கு மேல் அவனால் சொல்ல முடியவில்லை. பின்னால் நல்லசாமி உட்கார்ந்திருந்தார்.

நல்லசாமி பதறவில்லை. "மலைப்பாதை. மழை நேரம். யாத்திரைக்காரங்க பாதுகாப்புக்காக முன்னெச்சரிக்கையா நாலு நாளு சொல்லியிருப்போம். அது தப்பா?" என்றார்.

அதிகாரி ரேடியோவுக்குச் சட்டம் போட்டார். பாதையைப் பற்றி இனிமேல் கீழே ஹைவேஸ் செக்போஸ்ட்டிலிருந்து போனில் வரும் செய்தியை மட்டும்தான் சொல்ல வேண்டும். வந்த வார்த்தையை வந்தபடியே, செக்போஸ்ட்டின் பேரைச் சொல்லி, மூன்று தரம் வாசிக்க வேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. கடை, லாட்ஜ், கட்சி, தனி ஆள் விவகாரம் எதுவும் குழாயில் வரக் கூடாது. ரூமுக்குள் வேலையாளைத் தவிர வேறு யாரும் காலடி வைக்கக் கூடாது. செக்போஸ்ட்டிலிருந்து ரூமுக்கு நேராக ஒரு போன் கம்பியும் இழுக்கப்பட்டது.

"எம் புருஷன் பேருல இருக்கிற பழி?" என்று கித்தேரியம்மாள் கேட்டாள்.

"அன்னைக்கு அறிவிப்பு உண்மைதானேம்மா. அந்த விசாரணை முடிஞ்சு போச்சு. நான் அதத் திறக்க முடியாது."

பொன்னுச்சாமி வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டுக்கு, பாலசமுத்திரத்துக்குப் போய்விட்டான். அந்த வேலையைக் கித்தேரியம்மாள் கேட்டாள். எட்டாவது படித்தவள், வண்டியோ லாட்ஜோ இல்லாதவள், குரல் ஊருக்கே தெரியும். அதிகாரி கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் குழாயில் அவள் குரல்தான். "பயணிகளின் கவனத்திற்கு. கீழ் செக்போஸ்ட் தரும் செய்தி" என்று ஆரம்பிப்பாள். பூசையில் வாசகம் படிக்கிற அதே நிதானம். பாதை திறந்திருக்கிற நாளிலும் அதைச் சொல்லச் செய்தாள். செக்போஸ்ட்காரர்களை விடாமல் நச்சரித்துக் காலை, மதியம், மாலை என்று போன் பண்ண வைத்தாள். மழை பெய்து, மூடுபனி இறங்கி, கொடைக்கானலிலிருந்து வந்த குடும்பங்கள் லாட்ஜ் வாசலில் தயங்கி நிற்கும்போது, "பாதை திறந்திருக்கிறது, வண்டிகள் தாராளமாக இறங்கலாம்" என்று குழாய் கணீரென்று சொல்லும். வண்டிகள் கிளம்பிவிடும். ரூமின் ஜன்னலிலிருந்து பார்த்தால் லாட்ஜ் வாசல் தெரியும். நல்லசாமி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போவதை அவள் தினமும் பார்ப்பாள். அந்தக் காட்சிக்காகவே சம்பளமில்லாமல்கூட வேலை பார்த்திருப்பாள்.

அவர் மசியவும் இல்லை. எதிரே வந்தால், "என்ன ரேடியோக்காரம்மா, ஒம் புருஷனுக்கு அன்னைக்கு இப்பிடி வாசிக்க ஆளில்லாமப் போச்சே" என்பார். அவள் வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருப்பாள்.

இப்படியே வருஷங்கள் போயின. லாட்ஜின் மாடியில் பாதி ரூம்கள் பூட்டிக் கிடந்தன. நல்லசாமியிடம் மிஞ்சியது ஒரு வேன். அதைச் சின்னக்கருப்பன் ஓட்டினான். ஆடலூர்ப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். போகும்போதும் வரும்போதும் ரேடியோ ரூமைப் பார்த்து, "அக்கா" என்று ஒரு சத்தம் கொடுப்பான்.

எண்பத்து மூணு ஐப்பசியில் நல்லசாமியின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பழனி. வீட்டுப் பெண்களும் சொந்தக்காரர்களும் இரண்டு நாளைக்கு முன்பே இறங்கிப் போய்விட்டார்கள். நல்லசாமி மட்டும் மிச்சமிருந்த காரியங்களை முடித்துவிட்டு முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் கிளம்புவதாக ஏற்பாடு. காலையிலிருந்து அடைமழை. மத்தியானம் ரூமில் போன் மணி அடித்தது.

கித்தேரியம்மாள் கேட்டுக்கொண்டு மைக்கைப் போட்டாள். "பயணிகளின் கவனத்திற்கு. கீழ் செக்போஸ்ட் தரும் செய்தி. மண் சரிவினால் பாதை அடைக்கப்பட்டுள்ளது. மறு அறிவிப்பு வரும்வரை வண்டிகள் இறங்க வேண்டாம்." மூன்று தரம் வாசித்தாள். ஸ்டாப்பில் நின்ற பஸ்ஸும் லாரியும் இஞ்சினை அணைத்தன.

சிறிது நேரத்தில் நல்லசாமி குடையோடு ரூம் வாசலுக்கு வந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"கித்தேரி, உண்மையச் சொல்லு. அடைப்புதானா?"

"ரேடியோவுல சொன்னதுதான்."

"எம் மக கல்யாணம். நாந்தான் தார வாக்கணும். வெளையாடாத."

"செக்போஸ்ட்ல சொன்னத வாசிச்சேன்."

"அந்தப் போனக் குடு. நான் கேட்டுக்கிடுறேன்."

"வெளி ஆளு உள்ள வரக் கூடாது. சட்டம்."

"நீயாவது திருப்பிப் போட்டுக் கேளு, எனக்குக் கேக்குற மாதிரி."

"தனி ஆளுக்காகப் போன் போடக் கூடாது."

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. போன் செய்தி ரேடியோவுக்கு என்றுதான் சொல்லியிருந்தது. திரும்பக் கேட்கக் கூடாது என்று எங்கும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். சொல்லும்போது அவள் குரலில் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. அதை அவரும் கேட்டார்.

"தெரியும்டி" என்றார். "இந்த நாளுக்காகத்தான் காத்துக் கெடந்த. எம் மக கல்யாணத்துல நான் நிக்கக் கூடாதுன்னு பொய் வாசிக்கிற. இந்த வித்தையெல்லாம் ஒனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

அவள் பேசாமல் நின்றாள். பொய்யில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதே வளைவு, அதே மாதிரி சரிவு என்று செக்போஸ்ட்காரன் போனில் பதறியதைச் சொல்லியிருக்கலாம். உதட்டைக்கூட அசைக்கவில்லை.

நல்லசாமி லாட்ஜுக்குப் போய்ச் சின்னக்கருப்பனைக் கூப்பிட்டு வேனை எடுக்கச் சொன்னார். ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிந்தது. சின்னக்கருப்பன் குழாயைக் காட்டி ஏதோ சொல்கிறான். நல்லசாமி கையை ஓங்குகிறார். அவன் ரேடியோ ரூமைத் திரும்பிப் பார்க்கிறான். வேன் கிளம்புகிறது. மழையில் ஸ்டாப்பைத் தாண்டி வளைவில் திரும்பும்வரை கித்தேரியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ வண்டிகளை மறித்த பெண். அன்றைக்கு வாசல்படியைக்கூடத் தாண்டவில்லை. போ, போய்ப் பார் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேன் சரிவுக்கு வெகு கிட்டத்தில் போய் பிரேக் போட்டது. ஈரமண்ணில் சறுக்கிக் கவிழ்ந்து, பள்ளத்து ஓரம் ஒரு மரத்தில் தட்டி நின்றது. நல்லசாமிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. சின்னக்கருப்பனின் வலது கால் ஸ்டியரிங்குக்குக் கீழே நசுங்கிவிட்டது. இரண்டு பேரையும் கீழ்ப்பக்கமாக எடுத்துப் பழனி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சின்னக்கருப்பனுக்கு முழங்காலுக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. முகூர்த்தத்தை நிறுத்தவில்லை. நல்லசாமியின் மைத்துனர் தாரை வார்த்துக் கொடுத்தார்.

செய்தி வந்தபோது கித்தேரியம்மாள் முதலில் கேட்டது, "உசுரோட இருக்காரா?" என்பது. இருக்கிறார் என்றதும் மூச்சு விட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் இரக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். சின்னக்கருப்பனின் கால் போன சேதியைப் பிச்சை முகம்மதுதான் பிறகு தனியாகச் சொன்னார். அவள் கிட்டங்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மாசி மாதம் விசாரணை வந்தது. இடம் பஞ்சாயத்து ஆபீஸ். மூடிய பாதையில் வேலையாளைக் கட்டாயப்படுத்தி அனுப்பிக் காலைப் போக்கினார் என்பது நல்லசாமி மேல் புகார். ஊர் முழுக்கக் கூடியிருந்தது; ஜன்னலுக்கு வெளியேயும் ஆட்கள். நல்லசாமி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். சின்னக்கருப்பன் கக்கத்தில் கட்டையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தான்.

"மொதலாளி எடுறான்னாரு. எடுத்தேன்" என்று மட்டும் சொன்னான்.

அதிகாரி புதியவர். நல்லசாமியைக் கேட்டார்: "அறிவிப்பு ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"பின்ன எதுக்குப் போனீங்க?"

"அந்தப் பொம்பளைக்கு எம்மேல வன்மம்ங்க. கல்யாணத்தக் கெடுக்கப் பொய் வாசிக்குதுன்னு நெனச்சேன்."

"அரசாங்க ரேடியோவுல அப்பிடியெல்லாம் பொய் வாசிக்க முடியும்னு ஒங்களுக்கு எப்பிடித் தோணுச்சு?"

நல்லசாமி தரையைப் பார்த்தார். அவருக்குத் தப்பிக்க இருந்த ஒரே வழி, நம்பாமல் போனதற்குக் காரணம் சொல்வது. காரணத்தைச் சொன்னால் பழைய கதை வெளியே வரும். கடைசியில், "முன்னாடி சொன்னதுண்டுங்க" என்றார்.

"யார் சொன்னது?"

"நாங்கதான்."

கித்தேரியம்மாள் எழுந்தாள். "ஐயா, சத்தமாச் சொல்லச் சொல்லுங்க. வெளிய நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. "எழுபத்து நாலுல சொன்னாரான்னு கேளுங்கய்யா. எம் புருஷன் அருளப்பன் போன வருசம். கேளுங்க."

நல்லசாமி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். கண்ணில் கோபம்கூட இல்லை. களைத்துப்போன மனிதனின் கண்.

"சொன்னோம்" என்றார். "அந்த மழை பூராவும் சொன்னோம். லாட்ஜுக்கு ஆள் வரணும்னு பாதை நல்லா இருக்கையிலயே அடைப்புன்னு சொன்னோம். அருளப்பன் அன்னைக்கு நம்பாமப் போனதுல தப்பில்ல. நானும் அப்பிடித்தானே போனேன்."

அதிகாரி அதை எழுதச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே பழைய டிரைவர்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கித்தேரியம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒன்பது வருஷமாக அவள் நெஞ்சில் கட்டியாகக் கிடந்தது அந்த நிமிஷம் கரைந்தது. நல்லசாமி தடியைத் தேடி எழ முடியாமல் தடுமாறியபோது ஒருவரும் கை கொடுக்கவில்லை. அதையும் அவள் ஆசை தீரப் பார்த்தாள். அதற்காக அன்றும் சரி, பிறகும் சரி, அவள் வருந்தியதில்லை.

ஆபீஸ் வாசலில் சின்னக்கருப்பனின் பெண்சாதி கந்தம்மாள் வழியை மறித்து நின்றாள். இடுப்பில் சின்னப் பிள்ளை.

"ஒங்களுக்கு வேண்டியது கெடச்சிருச்சுல்ல அக்கா?"

கித்தேரியம்மாள் நின்றாள்.

"ஊருல போற வண்டியெல்லாம் கைய விரிச்சு மறிச்சவங்க நீங்க. அன்னைக்கு எம் புருஷன் ஒங்க ரூமத் திரும்பிப் பாத்தாராம். நீங்க சன்னல்லதான் நின்னீங்களாம். ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல?"

"மறிச்சிருந்தா அந்த நல்லசாமி போயிருக்க மாட்டான், கந்தம்மா" என்றாள் கித்தேரியம்மாள். 

"எம் புருஷனும் போயிருக்க மாட்டாரு."

கந்தம்மாள் அழவில்லை, திட்டவில்லை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்துவிட்டாள். கித்தேரியம்மாள் மழையில்லாத அந்த வெயிலில் வெகுநேரம் அங்கேயே நின்றாள். தன் வீட்டுச் சாவன்று நல்லசாமியின் முன்னால் தான் போய் நின்ற மாதிரி இன்னொருத்தி தன் முன்னால் வந்து நின்றுவிட்டாள் என்பது அவளுக்கு விளங்கியது. இந்தக் கணக்கை நல்லசாமி தலையில் கட்ட முடியாது.

மறுநாளே அதிகாரியைப் போய்ப் பார்த்தாள். குழாயில் சொன்னால் மட்டும் போதாது, நம்பாதவனும் போக முடியாதபடி ரோட்டுக்குக் குறுக்கே ஒரு தடுப்பு மரம் வேண்டும் என்றாள். பாதை அடைப்பு என்றால் அதை இறக்கிப் பூட்டிவிட வேண்டும். எவனாக இருந்தாலும், எந்த வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும். அதற்குக் காவலாளாகச் சின்னக்கருப்பனைப் போட வேண்டும் என்றும் கேட்டாள். அதிகாரி யோசித்தார். அவள் விடவில்லை. ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்து காரியம் முடிப்பது அவளுக்குப் பழகியதுதான். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் தடுப்பு மரம் வந்தது. சின்னக்கருப்பன் அதன் பக்கத்துக் கூண்டில் உட்கார்ந்தான். ரூமில் போன் வந்ததும் கித்தேரியம்மாள் ஜன்னல் வழியே கையைக் காட்டுவாள். அவன் மரத்தை இறக்குவான். பிறகுதான் அவள் மைக்கைப் போடுவாள். கொஞ்ச நாளில் அவன் பழையபடி "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தான்.

நல்லசாமி லாட்ஜைப் பிச்சை முகம்மதுவுக்கு விற்றுவிட்டு மகளோடு பழனியில் போய் இருந்தார். அங்கேயே காலமானார் என்று கேள்வி. கீழ்த்தள ரூம்களில் இப்போது பூண்டு காய்ந்தது. அருளப்பனின் கல்லறைக்குப் பழைய டிரைவர்கள் சேர்ந்து ஒரு சிலுவை செய்து வைத்தார்கள்.

கந்தம்மாள் மட்டும் பேசவில்லை. கித்தேரியம்மாள் கொடுத்தனுப்பிய பேரிக்காய்களை வாசலிலேயே வைத்துவிட்டாள், மாடு தின்றது. ஸ்டாப்பிலும் சந்தையிலும் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கித்தேரியம்மாள் சமாதானம் பேச ஆள் அனுப்பவில்லை, மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. ரேடியோ ரூமுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் கந்தம்மாள் எதிரே வருவதைக் கண்டால், இவளே புல்லில் இறங்கி நின்று, அவள் கடந்து போகும்வரை காத்திருந்துவிட்டுப் பிறகு நடப்பாள்.